தகடு குறுக்கே இருக்கும்போது

இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் பித்தானை அமுக்கினாள் பெனிட்டா. லேசர் ஒற்றை ஓலைவெடி மாதிரி வெடித்து அடங்கியது, மீட்டரில் சிவப்பு எண் ஏறி நின்றது. 6.3. பழைய எண்தான், பிப்ரவரியில் எட்டு மாத வயிற்றோடு இதே ஸ்டூலில் உட்கார்ந்து அவளே லாக் புக்கில் எழுதிய எண். முப்பதாயிரம் வோல்ட் இருக்கிற அறையில் முதல் பாடம், ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள் என்பது. இரண்டு கையும் வெளியே இருந்தால் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும், வழியில் இருப்பது இருதயம். ஆம்பளைகளை நினைத்து எழுதின பாடம். அவள் சுடிதாரில் பாக்கெட் இல்லை, அதனால் கை முதுகுக்குப் பின்னால் போகிறது, அது அவளுக்குப் பழக்கம், தூத்துக்குடி கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் காலை அசெம்பிளியில் அப்படித்தான் நிற்க வைத்தார்கள், கை பின்னால், பார்வை நேராக, வாய் மூடி. வாய் மூடி என்பதில்தான் இப்போது வந்து சிக்கிக்கொண்டு நிற்கிறாள். மணி இரண்டு பத்து. நாலு மணிக்கு ஹைதராபாத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள். அவர்கள் கண்ணெதிரே இந்த எண் 6.3 என்று நின்றால் திட்டம் இன்னும் மூன்று வருஷம் ஓடும், திட்டம் ஓடினால் அவளுக்கு வேலை உண்டு, நிற்காவிட்டால் முப்பத்தோராம் தேதியோடு சரி. எண் நிற்கத்தான் செய்கிறது. நேற்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருப்பது அதுவல்ல. ஒளி வெளியே போகும் வழியில் அலுமினியத் தகட்டை வைத்து அடைத்தாலும் எண் விழுந்து சைபருக்குப் போக மாட்டேன் என்கிறது.

நாற்பத்தைந்து ஜூல் உள்ளே போகிறது. ஒன்றரைக் கிலோ அரிசியை ஒரு மாடி உயரம் தூக்கினால் ஆகிற சக்தி, அவ்வளவுதான், ஆனால் அதை ஒரு கெபாசிட்டருக்குள் அடைத்து, கண் இமைக்கிற நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் வாயுவுக்குள் திறந்துவிட்டால் கரியமில வாயுவும் நைட்ரஜனும் ஹீலியமும் கலந்த அந்தப் பெட்டி ஊதா நிறத்தில் ஒரு தரம் முழிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வெளியே போகும். போட்டதில் எவ்வளவு கதிராக வந்தது, எவ்வளவு சூடாகவும் சத்தமாகவும் வீணாகப் போனது, அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. 6.3 வந்தால் நூற்றுக்குப் பதினாலு. பதினாலு என்று சொன்னதும் ஆர்.எஸ். சார் அன்றைக்குக் கடைத்தெரு வரை ஆள் அனுப்பி ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார். இந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர், இரத்தினசபாபதி என்ற முழுப்பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும். பதினாலு. பேறுகாலம் முடிந்து லியாவைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறும்போதெல்லாம் இவளுக்குக் கணக்கு ஓடும், ஏழு கிலோ, ஒன்பது மீட்டர், அறுநூற்று முப்பது ஜூல், நாற்பத்தைந்தால் வகுத்தால் பதினாலு ஷாட், பதினாலு லேசர் வெடி. எங்கே போனாலும் பதினாலுதான் வந்து நிற்கிறது, சனியன், வாசல் அழைப்பு மணி மாதிரி. தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில்கூட அந்த வகுத்தல் இருக்கிறது, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பென்சில், அப்போதும் ஒரு கைதான்.

நேற்று நடந்தது இவ்வளவே. காலையில் லேசரின் கண்ணாடியைத் துடைக்கும்போது குறுக்கே வைத்த தகட்டை எடுக்க மறந்துவிட்டாள். மறந்தே போனாள், அதை ஒத்துக்கொள்வதில் என்ன, வேலைக்குத் திரும்பின மூன்று மாதமாக எதைத்தான் மறக்கவில்லை, சாவியை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். தகடு குறுக்கே இருக்கிறது, ஷாட் அடித்தாள், மீட்டர் 1.8 என்றது. முதலில் லேசர் போய்விட்டது என்று நினைத்தாள், வாயு தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள், பிறகு தகட்டைப் பார்த்தாள். ஒளி போகாத இடத்தில் ஒன்று புள்ளி எட்டு ஜூல் ஒளி எங்கிருந்து வந்தது. அப்படியானால் 6.3இல் எவ்வளவு ஒளி, எவ்வளவு பொய். அப்படியானால் பிப்ரவரியில். பிப்ரவரியில் அடைத்து ஒரு ஷாட் எடுத்தோமா, எடுத்தோமா, லாக் புக்கைத் திருப்பினாள், எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை, எடுக்க வேண்டும் என்று தெரியாத ஆளும் இங்கே இல்லை. அடைத்து வைத்து ஒன்று, திறந்து வைத்து ஒன்று, அது அரிச்சுவடி. ஆனால் அன்றைக்குக் கால் வீங்கிக் கிடந்தது, ஓசோன் வாடை குமட்டியது, எண் வந்ததும் எழுதிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த எண் அறிக்கையில் ஏறி, அறிக்கை ஹைதராபாத்துக்குப் போய், இப்போது கார் ஏறி அவளைப் பார்க்கத் திரும்பி வருகிறது.

இன்றைக்கு மத்தியானம் சாரிடம் சொன்னாள். அவர் தயிர்சாதத்தில் ஊறுகாயைக் கரைத்துக்கொண்டே கேட்டார். "எல்லா மீட்டருக்கும் ஒரு ஆஃப்செட் இருக்கும்மா." அவள் சொன்னாள், "ஆஃப்செட்டுன்னா ஷாட் அடிக்காதப்பவும் காட்டணும் சார். அடிக்கலைன்னா ஜீரோதான் காட்டுது." அவர் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டம், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குற?" பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். "கைக்குழந்தைக்காரி. தூக்கம் கெட்டா கண்ணு எதையாவது காட்டும். எங்க வீட்ல மூத்தவன் பொறந்தப்ப, கேஸை அணைச்சாச்சான்னு பத்து தடவ எந்திரிச்சுப் போய்ப் பாப்பா. அணைச்சுதான் இருக்கும்." சிரித்தார். "இன்னிக்கு அந்தத் தகட்டைத் தொடாத. வந்தவங்க போகட்டும். அடுத்த வாரம் ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்." நல்ல மனுஷன். கான்ட்ராக்ட் ஆளுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது என்று அலுவலகம் சொன்னபோது மூன்று தடவை படியேறிப் போய்ச் சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்தவர். கால் வைத்துக்கொள்ள ஒரு குட்டி ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டவர். அந்த ஸ்டூல் இப்போதும் மேஜைக்கடியில் கிடக்கிறது. அதைக் காலால் தள்ளிவிட்டாள். கைக்குழந்தைக்காரி. எண்ணைப் பற்றிப் பேசினால் தூக்கத்தைப் பற்றிப் பதில் வருகிறது. கேஸை அணைத்தோமா என்று பத்து தடவை எழுந்து போய்ப் பார்த்த அந்த அம்மாவிடம், ஒரு தடவையாவது அது அணையாமல் இருந்ததா என்று யாராவது கேட்டார்களா. ஆனால் ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால். ஒருவேளை நிஜமாகவே கண் காட்டுகிறதென்றால். சாவி ஃப்ரிட்ஜில் இருந்தது நிஜம். போன வாரம் லியா அழுகிறாள் என்று குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தாள், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அழுதது பக்கத்து வீட்டுக் குக்கர். வேலை போவதுகூட அப்புறம்தான். தன் கண்ணையே நம்ப முடியாதென்றால் அந்தக் குழந்தையை எந்தக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்வது. அதனால் பார்த்துவிட வேண்டும். அடுத்த வாரம் இல்லை, இரண்டு பேரும் உட்கார்ந்து இல்லை, இப்போதே, தகட்டைத் தொட்டு.

"துரைக்கண்ணு அண்ணே, உங்க டிக்கெட்டுல ஒண்ணு குடுங்க." துரைக்கண்ணு இந்த அறையின் டெக்னீஷியன், இருபத்திரண்டு வருஷமாக லேசரோடு குடித்தனம் நடத்துகிறவர், வாயு சிலிண்டர் பக்கத்தில் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கத்தை பஸ் டிக்கெட் வைத்திருப்பார், கண்டக்டர் மெஷினில் கிழித்துத் தருகிற வழவழப்பான காகிதம், சூடு பட்டால் கறுக்கும், கண்ணுக்குத் தெரியாத கதிர் எங்கே விழுகிறது என்று பார்க்க இந்த அறையில் அதைவிட நல்ல கருவி கிடையாது. "எதுக்கும்மா, அலைன்மென்ட் காலைலயே பாத்தாச்சே." "அடைச்சு ஒண்ணு எடுக்கப் போறேன்." அவர் சாவியைத் திருகுவதை நிறுத்தினார். "சார் தகட்டைத் தொடாதேன்னாரே, சாப்பாட்டு ரூம் வரைக்கும் கேட்டுச்சு." "நீங்க கேக்கலைன்னு வெச்சுக்கோங்க." "எனக்கு இந்தக் காது இந்தச் சத்தத்துலயே போயிருச்சு," என்றார் துரைக்கண்ணு, சட்டைப்பைக்குள் கைவிட்டு. "காலையில கேட்டதே இப்ப ஞாபகமில்ல." அவர் நீட்டிய கட்டைவிரலின் நுனி வெள்ளையாக, மெழுகு சொட்டி உறைந்தது மாதிரி இருக்கும், கெபாசிட்டர் கடித்த இடம். அன்றைக்குக் கரன்டை அணைத்துவிட்டார், மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடால் ஒரு தடவை தொட்டும்விட்டார், பிறகும் கடித்தது. காலியானது என்று நாம் நினைத்துத் திரும்புவதற்குள் அது தனக்குள்ளே எங்கிருந்தோ கொஞ்சம் தேற்றிக்கொள்ளும், அதனால் இரண்டாம் தடவையும் தொட வேண்டும், தொட்டுவிட்டு ராடை அதன் மேலேயே மாட்டிவைக்க வேண்டும். முதல் நாள் இதைச் சொன்னபோது அவளுக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான், இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயம், ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் ஒரு மின்னல் வேகத்தில் அவள் இல்லாத வீடு, யாரோ லியாவுக்குச் சட்டை மாட்டுகிறார்கள், கையைத் தப்பான துளைக்குள் விடுகிறார்கள், அதற்கு மேல் பார்க்க மாட்டாள். ஆனால் அந்த இரண்டாம் தடவை விஷயம் இப்போது வேறு மாதிரி படுகிறது. முழுசாகப் பால் கொடுத்துக் காலியாகி விழுந்த பிறகும் அரை மணியில் மார்பு கனக்கிறது, எங்கிருந்து தேறுகிறதோ. எனக்கும் தேறும். என்னையும் ஒரு தடவை தொட்டுவிட்டுக் காலி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

ராடை இரண்டு தடவை தொட்டு மாட்டினாள். தகட்டைக் கதிர்வழியில் நிறுத்தினாள். மீட்டரின் முகத்தில் டிக்கெட்டை ஒட்டினாள், கீரனூர் என்று அச்சடித்திருந்தது. ராடை எடுத்தாள், விலகினாள், கை பின்னால் போனது, சார்ஜ் ஏறும் அந்த மெல்லிய ஊளை, பத்து, இருபது, முப்பது, அமுக்கினாள். வெடித்தது. 1.8. ராடு, இரண்டு தடவை. டிக்கெட்டைப் பிய்த்து எடுத்துக் குழல்விளக்குக்குக் கீழே பிடித்தாள், துரைக்கண்ணுவும் கழுத்தை நீட்டினார். வெள்ளை. சுத்த வெள்ளை, ஒரு புள்ளி கறுப்பு இல்லை, கீரனூர் கீரனூராக இருந்தது. "நீங்களும் பாக்கறீங்கல்ல அண்ணே. வெள்ளையாத்தான இருக்கு." அவள் குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது, பரீட்சை முடிவுப் பலகை முன்னால் நிற்கிற பிள்ளையின் குரல். "வெள்ளைதான். ஏன், உனக்கு எப்படித் தெரியுது?" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று நிறுத்திக்கொண்டாள். இன்னொன்று. 1.7. வெள்ளை. இன்னொன்று. 1.9. வெள்ளை. கண் காட்டவில்லை. கண் சரியாகத்தான் இருக்கிறது. தூக்கமில்லாத கண்ணுக்கும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும்தான் தெரிகிறது, சார், வேண்டுமானால் உங்கள் எட்டு மணி நேரம் தூங்கின கண்ணைக் கொண்டு வாருங்கள்.

இத்தனைக்கும் காரணம் தெரியாமல் இல்லை. இந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச், பெஞ்சின் மேல் ஒரு சதுர பிஸ்கட் டின், உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் செல்போனை அதில் போட்டு மூடிவிட்டுத்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்த லேசர் ஒரு தடவை வெடித்தால் அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்சாரக் கூச்சல் எழும்பும், துரைக்கண்ணுவின் போன் இரண்டு அதில் செத்திருக்கிறது. தகர டப்பாவுக்குள் அந்தக் கூச்சல் நுழையாது. இது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். போனை டின்னில் போட்டு மூடுகிறோம், மீட்டரைக் கூச்சல் எழும்பும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டவெளியில் வைத்துவிட்டு அது சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறோம். ஆறு வருஷமாக. ஐந்து முனைவர் பட்டக்காரர்கள். போனுக்குக் காட்டின அக்கறையை மீட்டருக்குக் காட்டவில்லை, போன் நம் சொந்தப் பொருள் அல்லவா. அவளும்தான், அவளும் அந்த ஐந்தில் ஒருத்திதான், அதை மறைக்க வேண்டாம். உண்மையே பேசும் பிறவி என்று தன்னை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. எட்டாம் வகுப்பில் சிஸ்டர் எவாஞ்சலின் கணக்குத் தாளைக் கூட்டும்போது எழுபத்தெட்டை எண்பத்தேழு என்று போட்டுவிட்டார். பெனிட்டா மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள், தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடையேறி மெடல் வாங்கினாள். அந்த மெடல் இப்போதும் அம்மா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இரண்டாவது வந்தவள் பெயர் ரெக்ஸலின், மீன் வலைக் கம்பெனிக்காரர் பெண், அவளும் கைதட்டினாள். அதற்காக ராத்திரியெல்லாம் அழுதேன் என்று சொன்னால் அது பொய், நன்றாகத் தூங்கினாள். அன்றைக்கு இந்த மாதிரி யாரும் அவளைப் பார்த்து உனக்குக் கூட்டத் தெரியவில்லை, உன் தலை சரியில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து நின்றிருப்பாளோ என்னவோ. நல்லவளாக இருப்பதற்காக அல்ல, எனக்குக் கூட்டத் தெரியும் என்பதற்காக.

"அண்ணே, அந்த டின்னை எடுத்துக்கிட்டு வாங்க." "போனெல்லாம்?" "பெஞ்சுல வைங்க." அவளே எழுந்து கதவைத் திறந்து போனாள், டின் மூடியைத் திறந்ததும் தன் போனில் வெளிச்சம் தெரிந்தது, குழந்தைகள் காப்பகத்திலிருந்து மூன்று தவறிய அழைப்புகள், ஒன்று ஐம்பது, ஒன்று ஐம்பத்தைந்து, இரண்டு மணி மூன்று நிமிஷம். மூன்று தடவை. காய்ச்சல், இல்லை காய்ச்சலுக்கு மூன்று தடவை கூப்பிட மாட்டார்கள், மூச்சு, பட்டாணி, யாரோ பட்டாணி கொடுத்துவிட்டார்கள், பக்கெட், எங்கோ ஒரு பக்கெட்டில் தண்ணீர், ஏழு கிலோ, ஒன்பது மீட்டர், அழுத்தினாள், மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறார்கள், கதிர் போகாத இடத்திலும் எண் வரும், ஒன்றுமில்லாததற்கும் எண் வரும், பெனிட்டா, மூச்சு விடு. "ஹலோ, லியா அம்மாவா," என்றாள் ஆயா செண்பகம், பின்னால் நாலு குழந்தைகள் கத்துகின்றன. "ஏங்க, பால் பாட்டிலோட நீலக் கலர் மூடி எங்கங்க? பைல இல்லையே." பெனிட்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். "மூடியா." "மூடிதாங்க. ஈ உக்காருதுல்ல." "சைடு ஜிப்புல இருக்கும் பாருங்க." "அட ஆமா. பாப்பா தூங்குது. வெச்சிரட்டா?" வைத்துவிட்டாள். சுடிதாரின் முன்பக்கம் நனைந்திருந்தது, கூப்பிடாமலேயே பால் வந்துவிட்டது, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சரி, பயந்தேன். பயந்த நெஞ்சு அடித்தது நிஜம், பயந்த விஷயம் நிஜமில்லை. பயம் ஒரு கூச்சல், எப்போதும் இருக்கும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் இருக்கும். அதற்காக அதைக் கழித்துப் பார்க்கத் தெரியாத முட்டாளா நான். மூடி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன் அல்லவா. பயப்படுகிறவள் பார்ப்பதெல்லாம் பொய் என்று யார் எழுதி வைத்தது.

துரைக்கண்ணு தகரக் கத்தரியால் டின்னின் ஒரு பக்கத்தில் வட்டமாக வெட்டினார், கதிர் நுழைய. எண் காட்டும் பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு, கதிரை வாங்கும் மீட்டர் தலையை மட்டும் உள்ளே வைத்து, மூடி, டின்னை ஒரு பித்தளைப் பட்டையால் தரைக்கம்பியோடு கட்டினார்கள். வெளியே நீண்ட ஒயருக்கு அவளுடைய சப்பாத்தி சுற்றிவந்த வெள்ளித்தாளே போதுமாக இருந்தது, லேசாக எண்ணெய் வாடையோடு. "லேசருக்கு மத்தியான சாப்பாடு," என்றார் துரைக்கண்ணு. தகட்டை அடைத்து ஒன்று. வெடித்தது. 0.0. முதல்முறையாக அந்த மீட்டர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது. இன்னொன்று, 0.0. தகட்டை எடுத்தாள். வெடித்தது. 4.5. மறுபடி, 4.5. 4.4. 4.5. நாற்பத்தைந்து உள்ளே, நாலரை வெளியே. நூற்றுக்குப் பத்து. பத்து. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து ஒன்றும் கேவலமில்லை. இதே மாதிரிப் பெட்டியில் பத்து வருவது நல்ல வேலை, நல்ல மின்முனை, நல்ல கலவை, அதில் அவள் கை இருக்கிறது, துரைக்கண்ணுவின் வெள்ளைக் கட்டைவிரல் இருக்கிறது. பதினாலை வைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைக் கட்டினால் அது பத்துதான் தரும், ஏன் தரவில்லை என்று மூன்று வருஷம் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கணவன் ஜெரால்டு போன ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டான், "நாள் முழுக்க அங்க போய் என்னதான் வருது உனக்கு?" பத்து வருகிறது, ஜெரால்டு. மிச்சம் தொண்ணூறு சூடாகவும் சத்தமாகவும் போகிறது. ஆனால் இந்தப் பத்து என்னுடையது, அதில் தகட்டை வைத்துப் பார்த்தாயிற்று.

லாக் புக்கில் பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பினாள். இங்கே அழிப்பான் கிடையாது, வெள்ளை மை கிடையாது, தப்பென்றால் ஒற்றைக் கோடு, கீழே இருக்கும் பழைய எண் எப்போதும் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். 6.3இன் மேல் கோடு போட்டாள். அடைத்து எடுக்கவில்லை, என் தவறு, பெனிட்டா. அதற்குக் கீழே 4.5. பேனாவை மூடும்போது கதவு திறந்தது. மணி மூன்று ஐம்பது. ஆர்.எஸ். சார் தனியாக வந்தார், புதுச் சட்டை, டின்னைப் பார்த்தார், வெள்ளித்தாளைப் பார்த்தார், திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார், நிறைய நேரம் அதையே பார்த்தார். துரைக்கண்ணு சிலிண்டர் பக்கம் போய்விட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"அடைச்சா ஜீரோ வருது சார். திறந்தா நாலரை. பத்து பர்சென்ட்."

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?"

"தூங்கச் சொன்னீங்க சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பதினாலை வெச்சு நான் நாலு எடத்துல பேசியிருக்கேன். புரியுதா? நாலு எடத்துல. உன் பேரும் அதுல இருக்கு."

"அதனாலதான் சார் முதல் கோட்டை என் எண்ணு மேல போட்டேன்."

"முப்பத்தொண்ணாம் தேதி உன் ஃபைல் என் மேஜைக்கு வரும், பெனிட்டா."

"தெரியும் சார்."

தெரியும். துப்பட்டாவுக்குக் கீழே ஈரம் குளிர்கிறது. கால் வைத்துக்கொள்ள ஸ்டூலைத் தூக்கி வந்து போட்ட மனுஷன். இவர் முகத்தை இப்படிப் பார்க்க வேண்டாமென்று எவ்வளவு ஆசையாக இருக்கிறது. டின்னைக் கழற்றி வைத்துவிடலாம், ஐந்து நிமிஷம் இருக்கிறது, கழற்றினால் பதினாலு, மூன்று வருஷம், காப்பகம், மூன்றாவது மாடி. வாய் மூடி நிற்க அவளுக்கு நன்றாகத் தெரியும், மெடல் வாங்கியிருக்கிறாள். வெளியே செருப்புச் சத்தம். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தையும் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்தார். இரண்டு ஆண்கள், முன்னால் ஒரு பெண், டாக்டர் சுகுணா, நரைத்த கொண்டை, காதைப் பொத்தும் கருவியை ஏற்கெனவே கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெனிட்டா டின்னைக் கழற்றினாள். சாரின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதை அவள் கண் பார்த்தது. பிறகு தகட்டை எடுத்துக் கதிர்வழியில் நிறுத்தினாள்.

"மேடம், முதல் ஷாட் அடைச்சு எடுக்கறேன். பழைய அளவு எப்படித் தப்பாச்சுன்னு காட்டணும்."

"நேரா ரீடிங்குக்குப் போயிரலாமே," என்றார் ஆர்.எஸ்.

"ஒரு நிமிஷம்தான் சார்."

டாக்டர் சுகுணா காதுக்கருவியை ஏற்றிக்கொண்டார். துரைக்கண்ணு எங்கிருந்தோ வந்து ஒரு பஸ் டிக்கெட்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒட்டினாள். ராடை எடுத்தாள், கை பின்னால் போனது, ஊளை ஏறியது, பத்து, இருபது, யாரோ லியாவுக்குச் சட்டை மாட்டுகிறார்கள், மாட்டட்டும், முப்பது. அமுக்கினாள். அறை ஒரு தடவை வெடித்தது. மீட்டரில் சிவப்பாக 1.8 எழுந்து நின்றது, ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ராடு, ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை, மாட்டினாள். டிக்கெட்டைப் பிய்த்தாள். இப்போது கெபாசிட்டரில் ஒன்றும் இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள், இரண்டு கையாலும் பிடித்து டாக்டர் சுகுணாவிடம் நீட்டினாள். அவர் அதை விளக்குக்குக் கீழே பிடித்து, திருப்பி, ஒவ்வொரு எழுத்தையும் படித்தார்.

"கீரனூர்," என்றார், மெதுவாக எழுத்துக்கூட்டி, மீட்டரைத் திரும்பிப் பார்த்தபடி. "இதுமேல ஒளி பட்டதாகத் தெரியலையே. அப்போ அது எதைப் பார்த்தது?"

"சொல்றேன் மேடம்," என்றாள் பெனிட்டா. பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்தாள்.